பொறியியலோடு சமூக அறிவியலும்



2023 ஜூலையில், நெய்வேலிச் சுரங்கத்துக்கான பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக வளையமாதேவி கிராமத்தில் வளர்ந்து நின்ற நெற்பயிருக்குள் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. கால்வாயின் அகலத்தைக் கணக்கிடப் பொறியியல் போதும். இழப்பீடு வாங்கிய குடும்பம் அதே வயலில் ஏன் மீண்டும் விதைத்தது, நிரந்தர வேலையை ஏன் கேட்கிறது என்று அறியச் சமூகவியலும் பொருளியலும் வேண்டும். 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டை வலியுறுத்துகிறது. அந்த அறிக்கையைப் படித்து எடைபோடும் பயிற்சி நம் பொறியாளர்களுக்கு எங்கே கிடைக்கிறது?

ஐ.ஐ.டி.களில் மானுடப்புல, சமூக அறிவியல் பாடங்கள் நெடுங்காலமாகவே கட்டாயம். அண்ணா பல்கலைக்கழகம் ‘தமிழர் மரபு’ பாடத்தைச் சேர்த்தது நல்ல தொடக்கம், ஆனால் அது மட்டும் போதாது. சமூக அறிவியலையும் சேர்த்தால் பாடச்சுமை கூடும், மாணவர்கள் மனப்பாடம் செய்து கடந்துவிடுவார்கள் என்பார்கள். தேர்வுத்தாளாக வைத்தால் அப்படித்தான் ஆகும். ஆகவே ஒரு செமஸ்டர் களஆய்வாக வையுங்கள். சுரங்கத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் தொடங்கலாம்.

– ஒரு வாசகர், நெய்வேலி