துணைக்கு ஒருவர் வேண்டும்

மறதி நோய் கண்ட முதியவருக்குச் சளிக் காய்ச்சல் வந்தால், அதை லேசாக எண்ணிவிடக் கூடாது. இன்ஃபுளூயன்சாவோ கொரோனாவோ, மற்றவர்கள் ஒரு வாரத்தில் எழுந்து நடமாடிவிடுகிற நோய் அவரைப் படுக்கையில் தள்ளிவிடுகிறது. பல சமயம் உயிரையே கொண்டு போய்விடுகிறது. 2020 மார்ச் முதல் ஜூன் வரை இங்கிலாந்திலும் வேல்சிலும் நேர்ந்த கொரோனா மரணங்களில், ஏறத்தாழ நாலில் ஒன்றில் முன்பே இருந்த முக்கிய நோய் மறதி நோய்தான் என்று அந்நாட்டுப் புள்ளிவிவர அலுவலகம் அறிவித்தது. முதுமை இதற்கு ஒரு காரணம். அது மட்டுமே காரணம் அல்ல.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 100க்கு 7 பேருக்கு மேல், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, இந்நோய் இருப்பதாக 2023ல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. பிழைப்புக்காக வெளிமாநிலம் வந்து, ஊரில் தனியாக இருந்த தாய் தந்தையரைத் தம்மிடம் அழைத்து வைத்துக்கொண்டிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்தக் கவலை உண்டு.

மறதி நோய் முற்றும்போது விழுங்கும் சக்தி குறைகிறது. உணவும் எச்சிலும் மூச்சுக் குழாயில் இறங்கி நிமோனியாவுக்கு வழி செய்கின்றன. தண்ணீர் குடிக்கவும் மருந்து சாப்பிடவும் நினைவு இருப்பதில்லை. நெஞ்சு வலிக்கிறது, மூச்சு முட்டுகிறது என்று சொல்லத் தெரிவதில்லை. நோய் முற்றிய பிறகே வீட்டாருக்குத் தெரிய வருகிறது.

காய்ச்சலே இல்லாமலும் நோய் வரலாம். அமெரிக்காவில் கொரோனாவுடன் அவசரப் பிரிவுக்கு வந்த 817 முதியவர்களை ஆராய்ந்து 2020ல் வெளியிட்டார்கள். 100க்கு 28 பேர் சித்தம் கலங்கிய நிலையில் வந்திருந்தனர். அப்படி வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோருக்குக் காய்ச்சல், மூச்சுத் திணறல் போன்ற வழக்கமான அறிகுறிகளே இல்லை. நேற்று வரை ஓரளவு தெளிவாக இருந்தவர் இன்று திடீரெனப் பிதற்றினாலும், ஓயாமல் தூங்கினாலும், சாப்பாட்டை மறுத்தாலும், "வயதாகிவிட்டது, அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாது. அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் பெரிய சோதனை. புது இடம், முகமூடி அணிந்த புது முகங்கள், புரியாத பாஷை. பின்னால் கற்ற மொழி பலருக்கு முதலில் மங்கிவிடுகிறது, தாய்மொழிதான் மிஞ்சுகிறது. நர்ஸ் மராத்தியிலோ கன்னடத்திலோ இந்தியிலோ "தண்ணீர் வேண்டுமா?" என்று கேட்டால் பெரியவர் விழிக்கிறார். பயந்துபோய் ஆக்சிஜன் குழாயைப் பிடுங்குகிறார். அடங்காத நோயாளி என்று தூக்க மருந்து கொடுக்கிறார்கள். கையைக் கட்டுவதும் உண்டு. சாப்பாடும் தண்ணீரும் இன்னும் குறைகின்றன.

இதற்குப் பரிகாரம் பெரிய செலவு பிடிப்பதல்ல. பழகிய ஒருவர் பக்கத்தில் இருந்து, தாய்மொழியில் பேசி, தலையை நிமிர்த்தி வைத்து ஊட்டினால் பாதிக் கலவரம் அடங்கும். தொற்று பரவும் என்று ஆஸ்பத்திரிகள் தயங்குவது நியாயமே. ஆனால் தொற்று உச்சத்தில் இருந்த 2020 ஏப்ரலிலேயே, துணை இல்லாவிட்டால் தவித்துப் போகும் மறதி நோயாளிக்கு விதிவிலக்கு உண்டு என்று இங்கிலாந்து அரசு மருத்துவத் துறை அறிவித்தது. முகக்கவசத்துடன், ஆள் மாறாமல், ஒருவரை மட்டும் அனுமதிக்கும் விதியை இங்குள்ள எல்லா ஆஸ்பத்திரிகளும் எழுத்தில் வைக்க வேண்டும். தமிழ்ச் சங்கங்கள் இதை வற்புறுத்துவதோடு, ஆளில்லாத குடும்பங்களுக்குத் தமிழ் பேசும் துணைவர்களையும் ஏற்பாடு செய்யலாம்.

வீட்டாருக்கும் கடமை உண்டு. ஆண்டுதோறும் இன்ஃபுளூயன்சா தடுப்பூசி, நிமோனியா தடுப்பூசி பற்றி டாக்டரைக் கேட்க வேண்டும். இ.எஸ்.ஐ. தொழிலாளர்கள், தம்மை நம்பியிருக்கும் பெற்றோரின் பெயரைப் பதிவு செய்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அவர் சாப்பிடும் மருந்துகள், அவர் திரும்பிப் பார்க்கும் செல்லப் பெயர், பசிக்கும் வலிக்கும் அவர் சொல்லும் சொற்கள் ஆகியவற்றை உள்ளூர் மொழியில் ஒரு தாளில் எழுதிக் கட்டிலருகே வைக்கலாம்.

தன் பெயரையே மறந்தவர் தனக்காக வாதாட முடியாது. அவருக்காகப் பேச ஒரு நாக்கு கட்டிலருகே இருப்பது சலுகை அல்ல, அதுவும் சிகிச்சையே.