யாருப்பா அது... கையை விடுங்க!

ஃபைனல் இயர் சீனியர்களை மே மாசம் பார்த்திருக்கீங்களா? கையில் ஒரு 'நோ டியூஸ்' ஃபார்மோட காலேஜையே வலம் வந்துட்டிருப்பாங்க. லைப்ரரி, லேப், ஹாஸ்டல் மெஸ், ஸ்போர்ட்ஸ் ரூம்னு எல்லா இடத்துலயும் கையெழுத்து வாங்கினாத்தான் டி.சி. ஒரே ஒரு புக்கைத் திருப்பிக் குடுக்கலைன்னாலும் ஆபீஸ்ல "அப்புறம் வாப்பா"தான்.

இதே மாதிரி ஒரு நோ டியூஸ் கவுன்ட்டர் உங்க லேப்டாப்புக்குள்ளயும் இருக்கு. அது எனக்குத் தெரிய வந்தது மாமல்லபுரத்துல, ஒரு சனிக்கிழமை சாயங்காலம்.

மேட்டர் இதுதான். எனக்கும் என் ஃப்ரெண்டுக்கும் மினி ப்ராஜெக்ட். கடற்கரையில வைஃபை சிக்னல் எவ்வளவு தூரம் தாங்கும்னு அளக்கணும். அவன் வீடு மாமல்லபுரத்துல, அலைச் சத்தம் கேட்கிற தூரத்துல. நான் செங்கல்பட்டுல பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியா போய் இறங்கினேன். பையில ஒரு பழைய லேப்டாப், அதுல லினக்ஸ், கூட ரெண்டு யு.எஸ்.பி. வைஃபை டாங்கிள். டாங்கிளைச் செருகு, அளந்து எழுது, பிடுங்கு, அடுத்ததைச் செருகு. இவ்வளவுதான் வேலை.

முதல் டாங்கிளைப் பிடுங்கினோம். ரெண்டாவதைச் செருகினோம். ஒண்ணுமே நடக்கலை. பென் டிரைவைப் போட்டோம், அதையும் கண்டுக்கலை. ஷட் டவுன் குடுத்தோம். ஸ்க்ரீன் அப்படியே நிக்குது. திங்கட்கிழமை டெமோ வேற!

ஃப்ரெண்டோட அப்பா கட்டுமரக் காலத்துலேர்ந்து கடலுக்குப் போறவர். எட்டிப் பார்த்துட்டு, "உப்புக்காத்து தம்பி. இங்க டி.வி.யே ரெண்டு வருஷம்தான் தாங்கும்"னார். நாங்களும் போர்ட் துருப்பிடிச்சிருச்சுன்னு நம்பி, பழைய டூத் பிரஷ் வெச்சு அரை மணி நேரம் தேய்ச்சோம். (சிரிக்காதீங்க. நீங்களும் தேய்ச்சிருப்பீங்க.)

அப்புறம்தான் கெர்னல் என்ன புலம்புதுன்னு பார்க்கணும்னு தோணுச்சு. கெர்னல்னா ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட அடிமடி. மெமரி, பிராசஸர், நெட்வொர்க் எல்லாத்துக்கும் கடைசி முடிவு அதோடதுதான். பவர் பட்டனை அமுக்கி அணைச்சு, மறுபடி ஆன் பண்ணி, அதே கூத்தை இன்னொரு தடவை நடத்தி, லாக்கைத் திறந்தோம். பத்து செகண்டுக்கு ஒரு தடவை ஒரே வரி வந்துட்டே இருக்கு. தமிழ்ல சொன்னா: "நெட்வொர்க் டிவைஸைப் பேர் நீக்குறேன்... அது ஃப்ரீ ஆகுறதுக்காகக் காத்திருக்கேன். யூசேஜ் கவுன்ட் = 1."

கொஞ்சம் உள்ளே போவோம். லினக்ஸ்ல ஒரு வைஃபை டாங்கிளைச் செருகினா, கெர்னல் ரெண்டு விதமா அதைப் பதிவு பண்ணும். ஒண்ணு, ரேடியோ. அதுக்கு பி.ஹெச்.ஒய்-0, பி.ஹெச்.ஒய்-1னு நம்பர். இன்னொண்ணு, நாம பார்க்கிற நெட்வொர்க் முகம், டபிள்யூலேன்-0 மாதிரி. ஏன் ரெண்டு? ஒரே கடையில முன்னாடி டீ, பக்கத்துல ஜெராக்ஸ் ஓடுறதில்லையா? அப்படித்தான். ஒரே ரேடியோ ஒரு பக்கம் காலேஜ் வைஃபையில கனெக்ட் ஆகியிருக்கும், இன்னொரு பக்கம் ஹாட்ஸ்பாட் போட்டிருக்கும். கடை ஒண்ணு, முகம் ரெண்டு. சிஎஃப்ஜி80211ங்கிற பகுதிதான் இந்த லெட்ஜரை எழுதுற கணக்குப்பிள்ளை. எந்த ரேடியோவுக்கு எத்தனை முகம்னு அதுக்கு அத்துப்படி. ரேடியோ நம்பர் நம்ம ரோல் நம்பர் மாதிரி, ரீபூட் பண்ற வரைக்கும் இன்னொருத்தருக்குக் கிடைக்காது. பிடுங்கிச் செருகினா அடுத்த நம்பர்தான்.

இந்த முகத்தைக் கெர்னலோட பல பகுதிகள் பிடிச்சு வெச்சிருக்கும். ரூட்டிங் டேபிள், ஐ.பி. அட்ரஸ் பார்க்கிற பகுதி, டிரைவர்னு பல பேர். யார் பிடிச்சாலும் கவுன்ட்ல ஒண்ணு கூட்டணும், விட்டா ஒண்ணு கழிக்கணும். டாங்கிளைப் பிடுங்கினதும், "இவர் கிளம்புறார், எல்லாரும் கையை விடுங்க"ன்னு கெர்னல் அறிவிப்பு குடுக்கும். எல்லாரும் விட்டாச்சுன்னா மெமரியை எடுத்துடும். ஒருத்தர் விடலைன்னாலும் நிக்கும்.

ஏன் நிக்கணும், வெட்டி விட்டுட்டுப் போக வேண்டியதுதானேன்னு என் ஃப்ரெண்டு கேட்டான். அங்கதான் ஆபத்து. மெமரியை எடுத்து வேற எதுக்காவது குடுத்தாச்சு, ஆனா பழைய ஆள் இன்னும் அந்த அட்ரஸை வெச்சிருக்கார்னு வைங்க. ஹாஸ்டல் ரூமைக் காலி பண்ணின சீனியர் கையில டூப்ளிகேட் சாவி இருக்கிற மாதிரி. எப்ப வேணும்னாலும் வந்து திறப்பார். மெஷின் கிராஷ் ஆகலாம், இல்லைன்னா ஹேக்கருக்கு வாசல் ஆகலாம். அதனால, நின்னு புலம்புறதே பரவாயில்லைன்னு கெர்னல் முடிவு பண்ணுது. அந்தப் புலம்பலுக்குள்ள யு.எஸ்.பி. வேலை பார்க்கிற த்ரெட்டும் மாட்டிக்கிட்டதாலதான் எங்க பென் டிரைவ்கூடத் தெரியலை. பாவம் அந்த போர்ட், துருவே இல்லை!

சரி, விடாத அந்த ஆள் யாரு? அந்த வரியில அது கிடையாது. "ஒருத்தர் பாக்கி"ங்கிறது மட்டும்தான் இருக்கு. நோ டியூஸ் ஃபார்ம்ல, எந்த டிபார்ட்மென்ட்னு சொல்லாம "ஒரு கையெழுத்து குறையுது"ன்னா எப்படி இருக்கும்? லினக்ஸ்காரங்க பல வருஷம் இந்தக் கொடுமையோடதான் வாழ்ந்தாங்க. 2021 டிசம்பர்ல கூகுள் பொறியாளர் எரிக் டூமஸே இதுக்கு ஒரு வழி கொண்டுவந்தார். பேரு ரெஃப் டிராக்கர். கவுன்ட்ல ஒண்ணு கூட்டும்போதே, யார் கூட்டினா, எந்த ஃபங்ஷன் வழியா வந்தான்னு சேர்த்து எழுதிக்கும். பாக்கி இருந்தா அந்தப் பேரோட புலம்பும். 2022-ல் வந்த 5.17 வெர்ஷன்லேர்ந்து இது இருக்கு. மெமரியும் நேரமும் தின்னும்ங்கிறதால சாதாரணமா ஆன் பண்ணியிருக்க மாட்டாங்க. வேணும்னா கெர்னலை நீங்களே கம்பைல் பண்ணிக்கணும்.

பண்ணினோம். ராத்திரி சாப்பிட்டுட்டு ஆரம்பிச்சது, காலையில அப்பா படகுல திரும்பி வந்தப்பதான் முடிஞ்சது. டாங்கிளைச் செருகி, பிடுங்கி, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு லாக்கைப் பார்த்தா... அதே புலம்பல். பேர் இல்லை!

செம கடுப்பு. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் உறைச்சது. பழைய முறையில கவுன்ட் கூட்டுற கோடு, பேர் சொல்லாமலேதான் கூட்டும். பேர் சொல்ற புது முறைக்கு மாறினவங்க பாக்கிதான் பேரோட வரும். அப்போ, பேர் சொன்ன அத்தனை பேரும் ஒழுங்கா விட்டுட்டாங்கன்னுதானே அர்த்தம்? பேர் சொல்லாதவன்தான் திருடன்!

இப்போ எங்க லேப்டாப்போட பழைய இன்பில்ட் கார்டைப் பத்திச் சொல்லணும். அது அதெராஸ் சிப். அதுக்கான ஏடிஹெச்9கே டிரைவரை 2008-ல் அந்தக் கம்பெனியே ஓப்பன் சோர்ஸா குடுத்துச்சு, அக்டோபர்ல வந்த 2.6.27 கெர்னல்ல சேர்ந்துச்சு. 2011-ல் அதெராஸைக் குவால்காம் வாங்கினாங்க. அந்த டிரைவரோட ஹிஸ்டரியைப் புரட்டிப் பாருங்க, வரிசையா நம்ம ஊர்ப் பேருங்க! கெர்னல்ல ஒரு வரி மாத்தணும்னாலும் "இது நான் அனுப்பினது"ன்னு பேரோட கையெழுத்து போடணும். அதனால யார் எழுதினாங்கன்னு இன்னிக்கும் தெரியும். 2024 மார்ச்ல சென்னையில குவால்காம் ஒரு டிசைன் சென்டர் திறந்தப்பவும் வைஃபைக்குத்தான் முதல் மரியாதை. பிளேஸ்மென்ட் கனவுல இருக்கிறவங்க நோட் பண்ணிக்கோங்க பாஸ்.

எங்க டாங்கிளோட டிரைவர் இந்தச் சாதி இல்லை. கெர்னல்ல சேராம, நெட்ல தனியா டவுன்லோடு பண்ணினது. கம்பெனி பேர் வேண்டாம். அந்த ஃபோல்டர்ல டிவைஸைப் பிடிக்கிற இடங்களை ஒண்ணொண்ணா தேடினோம். பிடிச்ச இடம் ஒவ்வொண்ணுக்கும் விட்ட இடத்தை நோட்டுல ஜோடி போட்டோம், கல்யாணப் பொருத்தம் பார்க்கிற மாதிரி. பதினோராவது ஜோடி சேரலை. பேரை வெச்சு டிவைஸைத் தேடிப் பிடிக்குது, அப்புறம் ஒரு செக். செக் ஃபெயில் ஆனா நேரா ரிட்டர்ன். கையை விடவே இல்லை. எல்லாம் நல்லா நடந்தா மட்டும்தான் கடைசியில விடுது. தப்பு நடந்தா ஓடிப் போற வழியில யாருமே விளக்குப் போடலை.

ரிட்டர்னுக்கு முன்னாடி ஒரே ஒரு வரி சேர்த்தோம். டிரைவரை மட்டும் கம்பைல் பண்ண ஒரு நிமிஷம்கூட ஆகலை. செருகினோம், பிடுங்கினோம். லாக் அமைதி. நம்பிக்கை வராம இருபது தடவை பண்ணினோம். ரேடியோ நம்பர் மட்டும் ஏறிட்டே போச்சு.

"என்னப்பா, துரு போயிடுச்சா?"ன்னார் அப்பா, வலையை உதறிக்கிட்டே. "போயிடுச்சுப்பா"ன்னான் என் ஃப்ரெண்டு. விளக்கம் சொல்ல ரெண்டு பேருக்கும் தெம்பு இல்லை. அன்னிக்கு மதியம் வஞ்சிரக் குழம்பு.

அந்த ஒரு வரியை, ரெண்டு பேர் பேரும் போட்டு, டிரைவரைப் பராமரிக்கிறவருக்கு அனுப்பியிருக்கோம். இந்தப் பக்கம் எழுதுற வரைக்கும் பதில் வரலை.