வல்லாரை: கறிக்கும் மருந்துக்கும் இடையில்



"என் மகனுக்குப் பத்து வயது. வலிப்புக்குக் குளிசை பாவிக்கிறார். புலமைப்பரிசில் பரீட்சை நெருங்குகிறது. குளிசை பிள்ளையை மந்தமாக்குகிறது, அதை நிறுத்திவிட்டு வல்லாரைச் சாறு கொடு என்கிறார் மாமி. நான் என்ன செய்வது?" என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். ஆகவே இம்மாதம் வல்லாரையைப் பற்றிப் பார்ப்போம்.

சிங்களத்தில் 'கொட்டுகொல' எனப்படும் இக்கீரை, வயலோரம், கிணற்றடி போன்ற ஈரமான இடங்களில் தரையோடு படர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விடும். கொத்தமல்லி, கரட் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது.

சம்பல் செய்வதாயின் இலையை மெல்லியதாக அரிந்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ, மாசித்தூள், உப்பு சேர்த்து, பரிமாறும் நேரத்தில் தேசிக்காய்ப்புளி விட்டுப் பிசறுங்கள். கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க அந்தப் புளி உதவும். இலைக்கஞ்சிக்கு, வெந்த சிவப்பரிசிக் கஞ்சியில் தேங்காய்ப்பாலும், இடித்துப் பிழிந்த சாறும் சேர்த்து உடனே இறக்க வேண்டும்.

பச்சையாக உண்பதால் சுத்தம் முக்கியம். வேரை நீக்கி, ஒவ்வோர் இலையாக, ஓடும் நீரில் பலமுறை கழுவுங்கள். கழிவுநீர்க் கானோரத்தில் முளைத்ததைப் பறிக்க வேண்டாம்.

மருந்தாக இதன் பயன் என்ன? 1999 ஆம் ஆண்டு உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட மூலிகைத் தொகுப்பில் வல்லாரையும் உண்டு. காயம், தீப்புண் ஆறுவதற்கு மேற்பூச்சாகப் பயன்படுவதை அது குறிப்பிடுகிறது. ஞாபகசக்திக்கென நம் முன்னோர் உண்டு வந்தாலும், ஆய்வுகள் அதை இன்னும் உறுதிப்படுத்தவில்லை. செறிவூட்டிய குளிசைகளில் கவனம் தேவை. வல்லாரைக் குளிசைகளை 20 முதல் 60 நாட்கள் வரை உட்கொண்ட மூன்று பெண்களுக்கு ஈரல் பாதிக்கப்பட்டதாக 2005 ஆம் ஆண்டு மருத்துவ சஞ்சிகையொன்று அறிவித்தது. கர்ப்பிணிகளும் ஈரல் நோயாளரும் மருத்துவரைக் கேளாமல் இதை மருந்தளவில் உட்கொள்ளக் கூடாது.

இனி அந்தச் சகோதரிக்கு: குளிசையை ஒரு வேளையேனும் நிறுத்தாதீர்கள். வலிப்புக் குளிசையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு அடுத்தடுத்து வந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். வல்லாரை அதற்கு மாற்றல்ல. பிள்ளை மந்தமாயிருப்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைப்பதா, குளிசையை மாற்றுவதா என்பதை அவரே தீர்மானிக்கட்டும். சாறு கொடுக்கும் எண்ணமிருந்தால் அதையும் அவரிடம் கேளுங்கள். மாமி பேரப்பிள்ளை மீதுள்ள பாசத்தால் சொல்கிறார். கோபிக்காமல் அவரையும் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். மருத்துவர் சொல்வதை அவரும் நேரில் கேட்கட்டும்.

பிள்ளை அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். பரீட்சை மறுபடியும் வரும். துஆவோடு மருந்தையும் தவறாமல் கொடுத்து வாருங்கள். சோற்றோடு கொஞ்சம் வல்லாரைச் சம்பலும் இருக்கட்டும்.