ஆய்வக மேசைக்கு அழைப்பில்லை

மாண்புமிகு மத்திய சுகாதார, குடும்ப நலத்துறை அமைச்சர் அவர்களுக்கு,

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் தங்கள் அமைச்சகத்தின் நேரடிப் பொறுப்பில் ஒரு நிறுவனம் இயங்கிவருகிறது. 1924-ல் லேடி வில்லிங்டன் பெயரில் தொழுநோயாளர் இல்லமாகத் தொடங்கி, 1955-ல் மத்திய அரசின் கைக்கு வந்த மத்திய தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனம் அது. அதன் ஆய்வகத்தில் நடக்கும் ஒரு வேலையைத் தாங்கள் சில நிமிடம் பொறுமையாகக் கேட்க வேண்டும். இந்த மடலின் கோரிக்கை அந்த வேலையிலிருந்துதான் பிறக்கிறது.

தொழுநோய்க் கிருமியை நார்வேயின் ஆர்மவர் ஹான்சன் 1873-ல் கண்டுபிடித்தார். ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் அதைச் சோதனைக்கூடத் தட்டில் வளர்க்க எவராலும் முடியவில்லை. ஆகவே மனிதக் கண்தான் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். லேப் டெக்னீஷியன் நோயாளியின் காது மடலை இரு விரலால், ரத்தம் வடிந்து தோல் வெளிறும்வரை இறுக்கிப் பிடிக்கிறார். ஐந்து மில்லிமீட்டர் நீளத்துக்கு, இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கீறுகிறார். கத்தியைத் திருப்பி, கீறலின் ஓரத்தைச் சுரண்டி எடுத்ததை ஸ்லைடில் தடவுகிறார். பிடி தளர்ந்தால் ரத்தம் கலந்துவிடும், ஸ்மியர் பாழ். பிறகு கார்பால் ஃபுக்சின், அமிலம், மெத்திலின் நீலம் என்று வரிசையாகச் சாயம் ஏற்றி, எண்ணெய்த் துளி விட்டு, நுண்ணோக்கியில் நூறு புலங்களைப் பார்க்கிறார். நூறு புலத்திலும் சேர்த்து ஒன்று முதல் பத்துக் கிருமிகள் இருந்தால் ஒரு பிளஸ். ஒரே புலத்தில் ஆயிரத்துக்கு மேல் மொய்த்தால் ஆறு பிளஸ். மருந்து வேலை செய்கிறதா, நோய் திரும்புகிறதா என்று மருத்துவர் முடிவெடுக்க இந்த எண் வேண்டும். அதை எழுதுகிற கைக்கு மருந்துச் சீட்டு எழுதும் உரிமை இல்லை. பொறுப்பு மட்டும் முழுசாக உண்டு.

இப்படி உழைப்பவர்களைத் தேசம் எந்த மேடைக்கு அழைத்திருக்கிறது?

செவிலியருக்காகத் தங்கள் அமைச்சகம் 1973-ல் தேசிய ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் விருதை நிறுவியது. மருத்துவமனைச் செவிலியரோடு, கிராமங்களில் நடந்தே வேலை பார்க்கும் ஏ.என்.எம். என்னும் துணைச் செவிலியரும் எல்.எச்.வி. என்னும் பெண் சுகாதாரப் பார்வையாளரும் குடியரசுத் தலைவர் கையால் அதைப் பெறுகிறார்கள். மருத்துவர்களுக்கென்று 1962-லேயே பி.சி.ராய் தேசிய விருதை நிறுவினார்கள். இரண்டும் நல்ல காரியங்கள். செவிலியர் அரை நூற்றாண்டாகப் பெற்றுவரும் இந்த மரியாதைக்கு ஈடாக ஆய்வக நுட்புநருக்குக் குடியரசுத் தலைவர் வழங்கும் தேசிய விருது எதுவும் இல்லை. ஏ.என்.எம். வரை இறங்கிவந்து பார்க்கத் தெரிந்த அமைச்சகத்துக்கு, அதே ஆரம்ப சுகாதார நிலையத்தின் அடுத்த அறையில் நுண்ணோக்கியின் மேல் குனிந்திருப்பவர் கண்ணில் படாதது எப்படி?

அமைச்சர் அவர்களே, இந்தப் பாராமுகத்தின் விலையைச் சொல்ல ஒரே ஒரு பெயர் போதும். செல்லப்பன் நிர்மலா.

1985-ன் இறுதியில் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மாணவி அவர். வயது 32. எய்ட்ஸ் என்பது மேலை நாட்டு நோய், இங்கே வராது என்று பெரியவர்களே நம்பிய காலம். பேராசிரியர் சுனிதி சாலமன், நிர்மலாவின் ஆய்வேட்டுக்கு அந்தத் தலைப்பையே கொடுத்தார். ரத்த மாதிரிகளுக்காக, பாலியல் தொழிலில் பிடிபட்ட பெண்களை அடைத்துவைத்திருந்த காப்பகத்துக்கு நிர்மலா போய்வந்தார். பஸ் காசை மிச்சம் பிடிக்கக் கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார். கையுறை கிடையாது, பாதுகாப்புச் சாதனம் எதுவும் கிடையாது. மூன்று மாதத்தில் எண்பதுக்கு மேற்பட்ட மாதிரிகள் சேர்ந்தன. சீரத்தைப் பிரிக்க ஒரு தற்காலிக ஆய்வகத்தை அமைத்துக்கொண்டார்கள். பிரித்ததை வைக்க வேறு வசதியின்றி, நிர்மலாவின் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தார்கள்.

எச்.ஐ.வி.யைக் கண்டறியும் எலிசா பரிசோதனைக்குச் சென்னையில் வழியில்லை. 1986 பிப்ரவரியில் நிர்மலாவும் கணவரும் மாதிரிகளை ஐஸ் பெட்டியில் அடுக்கி, இரவு ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, ஆட்டோ பிடித்து வேலூர் சி.எம்.சி. போய்ச் சேர்ந்தார்கள். அங்கே ஜேக்கப் ஜானின் வைரஸ் ஆய்வுத் துறையில் ஜார்ஜ் பாபு காலையிலேயே பரிசோதனையைத் தொடங்கினார். நடுவில் மின்சாரம் போய், காத்திருந்து, திரும்பி வந்து பார்த்தபோது ஆறு குழிகள் மஞ்சளாகியிருந்தன, ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. இருந்தது. அமெரிக்காவில் செய்த மறுபரிசோதனையும் அதை உறுதிசெய்தது. செய்தி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) வழியாகப் பிரதமர் ராஜீவ் காந்தியிடம் போனது. மாநில சுகாதார அமைச்சர் எச்.வி.ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். இந்தியா தன் உடம்பில் எச்.ஐ.வி. இருப்பதை அறிந்துகொண்டது இப்படித்தான். காலத்தில் தெரிந்ததால் ரத்த வங்கிகளில் பரிசோதனை வந்தது, கண்காணிப்பு வந்தது. எத்தனை உயிர் தப்பியது என்று யார் எண்ணுவது?

நிர்மலா 1987-ல் ஆய்வேட்டைக் கொடுத்துத் தேறினார். கிண்டி கிங் நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தில் தடுப்பூசித் தயாரிப்பில் வேலைக்குச் சேர்ந்தார். 2010-ல் ஓய்வுபெற்றார். சுனிதி சாலமனுக்கு, அவர் மறைந்தபின் 2017-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த அம்மையார் அதற்கு முழுத் தகுதி உடையவர், காலம் கடந்து கொடுத்தது ஒன்றுதான் குறை. காப்பகத்துப் படியேறி, வெறுங்கையால் ரத்தம் எடுத்து, தன் வீட்டு ஃபிரிட்ஜில் கிருமியைக் காத்துவைத்த மாணவியின் பெயரோ முப்பது வருடம் கழித்து, 2016-ல் பி.பி.சி. எழுதிய கட்டுரை ஒன்றால்தான் பலருக்குத் தெரியவந்தது. பி.பி.சி. நிருபர் ஒருவர் வந்து சொல்லும்வரை டெல்லிக்கு அவர் நினைவே வரவில்லையா?

நிர்மலா மருத்துவம் படித்தவர். ஆய்வேடு அவர் பெயரில் இருக்கிறது, அதனால் தேடினால் கிடைக்கிறார். அவருக்கே இந்தக் கதி என்றால், பன்னிரண்டாம் வகுப்பு முடித்து டி.எம்.எல்.டி. என்னும் ஆய்வக டிப்ளமோ படித்த ஒரு டெக்னீஷியன் எந்த ஏட்டில் கிடைப்பார்?

இந்த டெக்னீஷியன்கள் கேட்காமல் இருக்கவில்லை, அமைச்சரே. மனு கொடுத்தார்கள், காத்திருந்தார்கள். 2021-ல் நாடாளுமன்றம் மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கென்றே ஒரு ஆணையச் சட்டம் இயற்றியது. அதன் அட்டவணையில் முதல் இடமே ஆய்வகத் துறைக்குத்தான். சட்டம் அமலுக்கு வந்து மூன்று ஆண்டு கடந்தும் மாநிலங்களில் கவுன்சில்கள் உருப்படியாக இயங்காததால், டெக்னாலஜிஸ்ட்டுகளின் கூட்டமைப்பு உச்ச நீதிமன்றத்துக்கே போக வேண்டியிருந்தது. 2024 ஆகஸ்ட் 12 அன்று, அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு, சட்டத்தை நடைமுறைப்படுத்த இரண்டே மாதம் கெடு வைத்தது. தொழிலுக்கு ஒரு பதிவேடு கேட்டே நீதிமன்றப் படியேற வேண்டியவர்கள், பாராட்டு வேண்டுமென்று எந்தப் படியில் ஏறுவார்கள்?

பாராட்டு வெறும் சால்வை இல்லை. மாமல்லபுரம் கடற்கரையோரம் தேவனேரி, வெண்புருஷம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் என்று வரிசையாக மீனவக் குப்பங்கள். அங்கே அறிவியல் படிக்கும் பெண் பிள்ளைக்கு டாக்டர் கனவு வரும், நர்ஸ் கனவு வரும். அந்த இரண்டு வேலைகளிலும் ஜெயித்தவர்களின் படம் பேப்பரில் வருகிறது. சுகாதார நிலையத்தில் அவளுடைய அம்மாவுக்கு ஹீமோகுளோபின் பார்த்தவரும், பாட்டியின் சளியில் காசநோய்க் கிருமியைத் தேடியவரும், காய்ச்சல் காலத்தில் தெருவுக்கே ரத்தம் எடுத்தவரும் எந்தப் படத்திலும் இல்லை. அந்த வேலைக்கு ஒரு உயரம் உண்டு என்று அவளுக்கு யாரும் காட்டவே இல்லை. சேர்ந்து படித்தாலும், டிப்ளமோவுக்கு மேல் பி.எஸ்சி., எம்.எஸ்சி. என்று போகப் பணம் வேண்டும். தனியார் லேபில் கிடைக்கும் முதல் சம்பளத்தோடு நின்றுவிடுகிறார்கள். இங்கேதான் உதவித்தொகை வேண்டும்.

மற்ற நாடுகள் இதைப் புரிந்துகொண்டு வெகுகாலம் ஆயிற்று. 1922-ல் தொடங்கிய அமெரிக்க மருத்துவ நோய்க்குறியியல் சங்கம் ஆய்வக மாணவர்களுக்கு உதவித்தொகை தருகிறது. அந்த நாட்டில் 1975 முதல் ஏப்ரலில் ஒரு வாரம் முழுக்க ஆய்வகத்தாருக்கு உரியது. ஆய்வகத்தாரின் உலகக் கூட்டமைப்பு 1996 முதல் ஏப்ரல் 15-ஐ அவர்களுடைய நாளாகக் கொண்டாடுகிறது. செவிலியர் நாளான மே 12-ஐ மறக்காத உங்கள் அமைச்சகம் ஏப்ரல் 15-க்கு என்ன செய்கிறது?

நிதி இல்லை என்று சொல்லாதீர்கள். பாராட்டுக்கு ஆகும் செலவு உங்கள் துறையின் கணக்கில் ஒரு வரிகூட நிறையாது. தகுதி உள்ளவர்கள் எங்கே என்றும் கேட்காதீர்கள். கொரோனா காலத்தில் தமிழ்நாடு ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனையை மட்டுமே நம்பி நின்றது. அந்த நாட்களில் கவச உடைக்குள் வியர்வையில் நனைந்தபடி, நடுராத்திரியில் மூக்குச் சளி மாதிரிகளைப் பிரித்தவர்களை எந்த மருத்துவக் கல்லூரியில் கேட்டாலும் கை காட்டுவார்கள். அவர்களில் பலர் ஒப்பந்தக் கூலியில் வேலை பார்த்தவர்கள். அலை ஓய்ந்ததும், கைகுலுக்கக்கூட ஆளில்லாமல் வீட்டுக்குப் போனவர்களும் அவர்களில் உண்டு. நாட்டுக்குக் கிருமியைக் காட்டிக்கொடுத்த கையை நாடு திரும்பிப் பார்க்காமல் இருப்பது அநியாயம், அமைச்சரே. இதை வேறு சொல்லால் மெழுக முடியாது.

ஆய்வக நுட்புநருக்குத் தேசிய விருதை அறிவியுங்கள். ஒப்பந்தப் பணியாளரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தாரையும் சேர்த்து அறிவியுங்கள், இல்லாவிட்டால் அது மீண்டும் பெரிய ஆஸ்பத்திரி நிர்வாகிகளின் பட்டியலாகவே முடியும். வேலையிலிருந்தபடி மேலே படிக்க விரும்பும் டி.எம்.எல்.டி.காரர்களுக்கு உதவித்தொகை ஒதுக்குங்கள். திருமணி உங்கள் இடம், அங்கிருந்தே தொடங்கலாம். விருதுக்குத் தேர்வு செய்யும் குழுவில், ஸ்லைடு பார்த்துக் கண் தேய்ந்த இரண்டு பேரையாவது உட்கார வையுங்கள். பரிசீலிக்கிறோம் என்று இன்னொரு கடிதம் வேண்டாம். எந்த ஆண்டு, எந்தத் தேதி என்பதை மட்டும் எழுதுங்கள்.