நீரின் சூடும் மீனின் மதியும்

2015-ஆம் ஆண்டுக் கோடையில் வட அமெரிக்காவின் கொலம்பியா ஆறு வழக்கத்தை மீறிச் சூடேறியது. முட்டையிடப் புறப்பட்ட சாக்கை சால்மன் மீன்களில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் மாண்டன. உலகம் அப்போதுதான் திரும்பிப் பார்த்தது. மீன் செத்து மிதந்தாலன்றி நீர் கெட்டது என்று ஒப்புக்கொள்ளாத வழக்கம் நமக்கும் உண்டு. ஆனால் சூடு மீனைக் கொல்வதற்கு நெடுநேரம் முன்பே அதன் மூளையைத் தொட்டுவிடுகிறது. அந்த முதற்கேட்டைக் காணும் கண் நம் விதிகளுக்கு இல்லை.

பெரும்பாலான மீன்களுக்கு உடற்சூட்டைத் தாமே காத்துக்கொள்ளும் ஆற்றல் கிடையாது. உடலில் எழும் சிறு வெப்பத்தையும் செவுள்வழி ஓடும் நீர் கவர்ந்து சென்றுவிடும். ஆகவே நீரின் வெப்பநிலையே மூளையின் வெப்பநிலை. வாள்மீன் இதற்குப் புறனடை. கண்ணருகே உள்ள தசையொன்றை அது வெப்பம் தரும் உறுப்பாக்கிக்கொண்டு, குளிர்ந்த ஆழத்திலும் கண்ணையும் மூளையையும் சுற்றியுள்ள நீரைவிட 10 முதல் 15 பாகை செல்சியஸ் வரை சூடாக வைத்திருக்கிறது. விரைந்தோடும் இரை கண்ணுக்குத் தப்பாதிருக்க அமைந்த ஏற்பாடு அது. மூளைக்கு உகந்த வெப்பம் எத்துணை அருமையானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நீர் சூடேறும்போது இரு கேடுகள் ஒருங்கே சேர்கின்றன. உடலின் உயிர்வளித் தேவை பெருகுகிறது. நீரில் கரையும் உயிர்வளியோ குறைகிறது. 20 பாகையில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வளி கரையும். 30 பாகையில் அது ஏழரையாகச் சுருங்கும். நார்வே நாட்டு ட்ரொன்ஹெய்ம் ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட ஆய்வு இந்த நெருக்கடியில் மூளை படும் பாட்டைக் காட்டியது. வரிக்குதிரை மீன் குஞ்சுகளின் நரம்பணுக்கள் இயங்கும்போது ஒளிரும்படி செய்து, நீரைச் சிறிது சிறிதாகச் சூடாக்கினர். முதலில் நரம்பியக்கம் மங்கியது. தூண்டினாலும் குஞ்சு அசையவில்லை. அதன்பின் மூளை முழுவதும் செயலிழப்பு அலையாகப் பரவியது. நீரில் உயிர்வளியை மிகுத்தபோது அதே மூளை இன்னும் கூடிய சூட்டைத் தாங்கியது.

அது உச்ச வெப்பத்தின் கதை. நம்மை மிகுதியும் கவலையுறச் செய்வது சிறு வெப்பத்தின் கதையே. ஆஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் வாழும் இருவகை இளமீன்களைப் பற்றிய ஆய்வொன்று 2010-இல் வெளிவந்தது. ஒரே பகலில் இயல்பாக நேரும், 3 பாகைக்கும் குறைவான ஏற்ற இறக்கம். அதற்கே அவற்றின் சுறுசுறுப்பும் துணிச்சலும் சண்டைக்குணமும் சராசரியாக இரண்டரை முதல் ஆறு மடங்கு வரை கூடின. எல்லா மீனும் ஒன்றுபோல் மாறவுமில்லை. அடங்கிக் கிடந்தது துணிந்தது. முன்பு துணிந்தது பின்தங்கியது. மறைவிடம் விட்டு வெளியே திரியும் இளமீன் பெருமீனுக்கு இரையாகும். அந்தச் சாவை வெப்பத்தின் கணக்கில் எவரும் எழுதுவதில்லை.

மீனுக்கு மதியா என்று நகைப்போர் உண்டு, நகைக்கட்டும். வலையில் சிறிது நேரம் அடைத்து வைத்துப் பின் விடுவித்த வரிக்குதிரை மீன்கள் வெதுவெதுப்பான நீரைத் தேடிச் சென்றதை 2015-இல் ஆய்வாளர்கள் கண்டனர். நோயுற்ற பொன்மீனும் அவ்வாறே தனக்கான காய்ச்சலைத் தேடிக்கொள்ளும். கொலம்பியாவின் சால்மனோ சூடு பொறாமல் குளிர்ந்த கிளையாற்று முகங்களில் ஒதுங்கி நிற்கிறது. மீனின் மருத்துவம் இடம்பெயர்தலே. பெயர இடமிருந்தால் அது பிழைக்கும்.

அமெரிக்காவின் ஓரிகான் மாநிலம் இதை உணர்ந்துகொண்டது. மீன்கள் ஒதுங்கும் குளிர்நீர் இடங்கள் சிலவற்றில் கோடையில் தூண்டில் போடுவதற்கு 2020 முதல் தடை விதித்தது. மீனின் நடத்தையைப் பார்த்து எழுதிய விதி அது.

நம் நாட்டு விதி என்ன சொல்கிறது? 1999 ஜூன் 1-க்குப் பின் இயங்கத் தொடங்கி, கடல்நீரால் குளிர்விக்கும் அனல்மின் நிலையங்கள், தாம் வெளியேற்றும் நீரால் கடலின் வெப்பநிலையை இயல்பைவிட 7 பாகை வரை உயர்த்தலாம். பவளத்திட்டில் மீனின் குணத்தையே மாற்றிய அளவைப்போல் இருமடங்குக்கும் மேல் இது. அங்குக் கண்ட எண்ணை எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் அப்படியே பொருத்தலாகாது என்பதை அறிவோம். கடல் வேறு, மீன் வேறு. ஆனால் பொருத்திப் பார்க்கும் கடமையிலிருந்து எவரும் விலக்குப் பெற்றவரல்லர். வெப்பமானியை மட்டும் நம்பிய அவ்விதியில் மீனின் நடத்தைக்கு ஒரு சொல்லும் இடமில்லை.

மின்சாரம் வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. வெந்நீர் கலக்கும் கடற்பரப்பில் எம்மீன் விலகிப் போயிற்று, எது தங்கிற்று, இளமீன்கள் எங்கு ஒதுங்குகின்றன என்பதை ஆண்டுதோறும் ஆராய்ந்து வெளியிடுவதை ஒவ்வொரு நிலையத்துக்கும் கட்டாயமாக்க வேண்டும். அந்தக் கரையில் வலை வீசும் மீனவர்களின் சான்றையும் அதில் சேர்க்க வேண்டும். 7 பாகை என்னும் வரம்பை அந்த ஆய்வின் வெளிச்சத்தில் மைய அரசு திருத்தி எழுதட்டும்.