கட்டுப் பிரித்த பின் தொடங்கும் போராட்டம்



நம் தெருவில் ஒருவருக்குப் பட்டறையில் அடிபட்டது என்று செய்தி வந்தால் நாம் எல்லோரும் ஓடுகிறோம். இரத்தம் கொடுக்கிறோம். வீடு வீடாக ஏறி வசூல் செய்து ஆஸ்பத்திரிக்குக் கட்டுகிறோம். ஊரை விட்டுப் பிழைக்க வந்தவன் அநாதையாகிவிடக் கூடாது என்ற இந்த நல்ல வழக்கத்தை மும்பைத் தமிழர்களாகிய நாம் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வருகிறோம். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால், பத்தாம் நாள் அவர் வீடு திரும்பியதும் நம் கடமை முடிந்தது என்று கலைந்து விடுகிறோமே, அங்கேதான் தவறு செய்கிறோம். அவருடைய உண்மையான போராட்டம் அன்றுதான் தொடங்குகிறது.

குர்லாப் பக்கம் ஒரு சிறு பட்டறை. நெல்லைச் சீமையிலிருந்து வந்த நம் உறுப்பினர் ஒருவருக்கு அங்கே பவர் பிரஸ்ஸில் தகடு வைக்கும் வேலை. ஒரு நாள் வலது கை சிக்கிக் கொண்டது. ஆள்காட்டி விரல் போயிற்று. மற்ற விரல்களின் எலும்புகள் முறிந்தன. ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. ஆனால் வீட்டுக்குப் போனபின் கையை என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குப் புரியும் மொழியில் ஒருவரும் சொல்லவில்லை. வலி பொறுக்காமல் கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டு, அசைக்காமலே மூன்று மாதம் காத்தார். துணியை அவிழ்த்தபோது விரல்கள் கட்டை போல விறைத்திருந்தன. சட்டை உரசினாலே நெருப்புப் பட்டது போல எரிச்சல். இல்லாத ஆள்காட்டி விரலில் இரவெல்லாம் குத்தல்.

“போன விரல் எப்படி வலிக்கும்? வேலைக்கு வரச் சோம்பல், நடிக்கிறான்” என்றார் முதலாளி. முதலாளி சொன்னது வியப்பில்லை. நம்மவர்களும் அதையே சொன்னார்கள். இன்னும் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்: நாமும் அப்படித்தான் நினைத்தோம். அந்தக் குற்ற உணர்ச்சியே இத்தலையங்கத்தை எழுத வைக்கிறது.

போன விரல் வலிக்கும் தோழர்களே! உறுப்பு போனாலும் அந்த உறுப்புக்குரிய இடம் மூளையில் அழிவதில்லை. அறுபட்ட நரம்பின் நுனியும் ஓய்வதில்லை. இந்த வலிக்கு மருத்துவ நூல்களில் தனிப் பெயரே உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அமெரிக்கப் போர்க்களத்தில் கை கால் இழந்த சிப்பாய்களிடம் மருத்துவர்கள் இதைக் கண்டு எழுதி வைத்தார்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நம் தமிழர், டாக்டர் வி. எஸ். ராமச்சந்திரன், 1990களில் இதற்கு ஒரு கண்ணாடியைக் கொண்டு வழி கண்டார். நல்ல கையைக் கண்ணாடி முன் நீட்டினால் அதன் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தெரியும். அதைப் பார்த்துக் கொண்டே நல்ல கையை மடக்கி நீட்டப் பழகும்போது சிலருக்கு வலி தணிகிறது. எல்லோருக்கும் பலிப்பதில்லை. ஆனால் முகம் பார்க்கும் கண்ணாடியின் விலைக்குள் அடங்கும் இந்தப் பயிற்சியைக்கூட ஏழைத் தொழிலாளிக்குச் சொல்லித்தர ஆள் இல்லை என்பதே நம் புகார்.

வலியை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறோம்? வலி இருக்கும் வரை தொழிலாளி கையை அசைக்க மாட்டான். அசைக்காவிட்டால் கை வீங்கும்; வீங்கினால் மூட்டு விறைக்கும்; விறைத்த மூட்டை அசைத்தால் வலி இன்னும் கூடும். இந்தச் சுழலில் சில வாரங்கள் கழிந்தாலே போதும், மீட்டிருக்கக்கூடிய கை வீணாகிவிடும். ஆகவே வலியைத் தணித்து, அந்த அவகாசத்தில் பயிற்சி கொடுத்து, படிப்படியாகக் கையைப் பழையபடி வேலைக்குக் கொண்டு வருவதுதான் முழு வைத்தியம். பல்லைக் கடித்துப் பொறுத்துக் கொள்வது வீரமாகாது. மருந்துக் கடையில் தாமே கேட்டு வாங்கி மாதக்கணக்கில் வலி மாத்திரை விழுங்குவதும் தீர்வாகாது. வயிறும் சிறுநீரகமும் கெடும். எரிச்சலும் மின்சாரம் பாய்வது போன்ற குத்தலும் நரம்பு வலியின் அடையாளம். அதற்குச் சாதாரண மாத்திரை பெரும்பாலும் கேட்காது. அதற்கென்று வேறு மருந்துகள் உண்டு. மருத்துவரிடம் விளக்கிச் சொல்லிக் கேட்க வேண்டும்.

இது பணக்காரர்களின் ஆடம்பர வைத்தியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். 1966-இல் வேலூரில் உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிலையம் எழுந்ததற்கு அவரே காரணம். அடிபட்டவருக்குப் பிறகும் ஒரு வாழ்க்கை உண்டு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? நம் மும்பையிலேயே, ஹாஜி அலியில், இதே வேலைக்கென்று மத்திய அரசின் நிறுவனம் 1955 முதல் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அதன் படி ஏறியிருக்கிறோம்?

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் அடங்கி, 2025 நவம்பர் 21 முதல் புது உருவில் நடப்புக்கு வந்துள்ளது. அதன் அட்டவணையைப் பாருங்கள். கட்டை விரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதவீதம். இறைச்சிக் கடைத் தராசு போலச் சதையை நிறுத்து விலை போட்டிருக்கிறார்கள்! விறைத்துப் போன விரலுக்கும், தூங்கவிடாத வலிக்கும் அந்தப் பட்டியலில் வரி இல்லை. நம் நண்பரின் முதலாளி 14 சதவீதக் கணக்கைக் காட்டித்தான் ஒரு சிறு தொகையை நீட்டி, முத்திரைத்தாளில் கையெழுத்துக் கேட்டார்.

ஆனால் பட்டியலில் இல்லாத காயத்துக்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று தகுதிபெற்ற மருத்துவர் மதிப்பிட்டுச் சொன்னால் அதன்படி இழப்பீடு உண்டு. இடது கையை முழங்கைக்கு மேலே இழந்த ஒரு தச்சருக்கு, ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய இயலாது என்பதால் முழு இழப்பாகவே கொள்ள வேண்டும் என்ற தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 1975-இல் உறுதி செய்தது. எந்த உறுப்பு போனது என்பதோடு, எந்தத் தொழில் போனது என்பதும் கணக்கில் வரும். ஆகவே வலிக்காக ஒவ்வொரு முறை மருத்துவரைப் பார்த்த சீட்டும், பயிற்சிக்குப் போன அட்டையும் சான்றாகும். கிழித்து எறியாதீர்கள்.

சட்டம் தரும் உரிமையைக் கைவிடுவதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் செல்லாது. விபத்து நடந்த ஊரில் மட்டுமல்ல, நீங்கள் வழக்கமாக வசிக்கும் ஊரிலும் மனுப் போடலாம். காலக்கெடு உண்டு, தாமதிக்காதீர்கள். இ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்கு, வேலையில் அடிபட்டு வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு ஊதியத்தில் 90 சதவீதம் உதவித்தொகை உண்டு. அதைப் பிச்சையாகக் கேட்க வேண்டியதில்லை. நம் சம்பளத்தில் பிடித்த பணம் அதில் இருக்கிறது.

அரசிடம் நாம் கேட்பது இதுதான். தொழிலாளர் வாழும் பகுதிகளில் பிசியோதெரபி நிலையங்கள் மாலையிலும் திறந்திருக்க வேண்டும். காலையில் மட்டும் திறந்தால், அடிபட்டவரை அழைத்துச் செல்லும் மனைவி வீட்டு வேலைக்குப் போகும் கூலியை இழக்கிறாள். நான்கு நாள் போய் ஐந்தாம் நாள் நிறுத்திவிடுகிறாள். பயிற்சி முறைகள் மராத்தி, இந்தியோடு தமிழிலும் சொல்லப்பட வேண்டும். முதலாளிகளிடம் கேட்பது: அடிபட்டவன் திரும்பி வந்தால் அவன் செய்யக்கூடிய வேலையைக் கொடு, அதற்கு முன் அந்தப் பிரஸ்ஸுக்குக் காப்புக் கவசம் போடு!

நம்மை நாமே கேட்டுக் கொள்வதும் உண்டு. இனி விபத்து வசூலில் பாதியை ஆஸ்பத்திரிக்கும், மறுபாதியை வீடு திரும்பிய பின் வரும் மூன்று மாதங்களுக்கும் ஒதுக்குவோம். பயிற்சிக்கு உடன் செல்ல வாரம் ஒருவர் என்று முறை போட்டுக் கொள்வோம். வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால், முதலில் நம்புவோம்.

நம் நண்பர் இப்போது பயிற்சிக்குப் போகிறார். தாமதமாகத் தொடங்கியதால் எல்லாம் மீளாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். போன மாதம் அவர் தேநீர் தம்ளரை வலது கையால் பிடித்தார். முதல் மாதமே நாம் உடன் போயிருந்தால் சுத்தியலையே பிடித்திருக்கக் கூடும். அடுத்த தோழருக்கு இந்தத் தாமதம் நேராமல் பார்த்துக் கொள்வது சங்கத்தின் பொறுப்பு. நம் ஒவ்வொருவரின் பொறுப்பு!