கத்திரி வெயிலில் ராட்டினம்

பங்குனி பிறந்துவிட்டால் போதும், குழந்தைகள் உள்ள வீட்டில் ஒரு கேள்வி கிளம்பிவிடும்: "லீவுக்கு எங்கே போகிறோம்?" முன்பெல்லாம் இதற்கு ஒரே பதில்தான்: பாட்டி வீடு. இப்போதோ பாட்டி வீட்டிலேயே வளருகிற குழந்தைகள் "தீம் பார்க்" என்கிறார்கள்!

சங்கரன்கோவிலில் இருக்கும் என் அத்தை வீட்டிலும் போன வருஷம் இதே கதைதான். மே மாதம் நடுவில், அதுவும் ஞாயிற்றுக்கிழமையில், வேன் வைத்துக்கொண்டு ஒரு பார்க்குக்குப் புறப்பட்டோம். (எந்தப் பார்க் என்று கேட்காதீர்கள். தப்பெல்லாம் எங்களுடையது.) உள்ளே நுழையும்போது மணி பதினொன்றரை. முதல் ராட்டினத்துக்கே ஒரு மணி நேர வரிசை. செருப்பைக் கழற்றச் சொன்ன இடத்தில் சிமெண்டுத் தரை தோசைக்கல்லாகக் காய்ந்தது. இரண்டு மணி சுமாருக்குப் பேத்தி, "தலை சுத்துது பாட்டி" என்றாள். முகம் வெளுத்து, உடம்பு வேர்த்துச் சில்லென்று இருந்தது. அடுத்த நிமிஷம் வாந்தி. நிழலில் படுக்க வைத்து, ஈரத் துணியால் துடைத்து, விசிறி, உப்புச் சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்த பிறகுதான் தெளிந்தாள்.

அத்தை? காலை முதல் மாலை வரை ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, ஆறு பைகளுக்கும் அத்தனை செருப்புகளுக்கும் காவல். அவளுக்கும் முழு டிக்கெட் வாங்கியிருந்தோம் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

இந்த வருஷம் குழந்தைகள் மறுபடி ஆரம்பித்ததும் அத்தை சொன்னாள்: "போவோம். ஆனா, திட்டம் நான்தான் போடுவேன்."

அவளுக்கு அந்த யோக்கியதை உண்டு, சகோதரிகளே! ஆடித் தபசு பார்த்து வளர்ந்தவள். கோமதி அம்மனுக்குச் சங்கரநாராயணராகச் சுவாமி காட்சி கொடுக்கும் அந்த மாலையில், ரத வீதிகளில் எள் போட்டால் எள் விழாது. அதற்குள் மூன்று குழந்தைகளை அழைத்துப் போய்ப் பத்திரமாகத் திரும்பி வருகிறவள் அவள். முன்கூட்டியே போய் இடம் பிடிப்பாள். தவறிப் போனால் சந்திக்க ஓர் இடம் சொல்லி வைப்பாள். சட்டைப் பையில் போன் நம்பர் எழுதிய சீட்டு இருக்கும். "கோயிலுக்குன்னா இவ்வளவு யோசிக்கோம், பார்க்குக்குன்னா மூளையைக் கழத்தி வீட்டிலே வச்சிட்டுப் போறோமே, ஏன்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

சாக்ஷாத் வால்ட் டிஸ்னியே இதில் அகப்பட்டுக்கொண்டவர்தான். 1955 ஜூலை 17, அமெரிக்காவில் டிஸ்னிலாந்து திறந்த நாள். வெயில் சுமார் 38 டிகிரி. கள்ள டிக்கெட்டும் சேர்ந்துகொள்ள, எதிர்பார்த்ததைப் போல் ஏறக்குறைய இரண்டு பங்கு கூட்டம். குழாய்த் தொழிலாளர் வேலை நிறுத்தத்தால் குடிதண்ணீர்க் குழாய்கள் பல வறண்டு கிடந்தன. புதிதாகப் போட்ட தார் இளகி, சீமாட்டிகளின் குதிகால் செருப்புகள் அதில் புதைந்தன. நம் அத்தையை முன்பே கலந்து ஆலோசித்திருக்கலாம்.

அவள் முதலில் எடுத்தது காலண்டர். மே 4 முதல் மாதக் கடைசி வரை அக்கினி நட்சத்திரம், அது தள்ளுபடி. சனி, ஞாயிறும் தள்ளுபடி. கொச்சிக்குப் பக்கத்தில் பள்ளிக்கரையில், 2000-இல் வீகாலாந்து என்ற பெயரில் ஆரம்பித்து இப்போது வொண்டர்லா என்று நடக்கும் பார்க்கைப் பேரன்கள் கேட்டார்கள். அதற்கு நான் கண்டுபிடித்த ஒரு சூட்சுமம் உண்டு. கேரளத்தில் பள்ளிக்கூடம் ஜூன் பிறந்ததும் திறந்துவிடும். நம் பக்கம் சில வருஷங்களில் வெயிலைக் காரணம் காட்டித் தள்ளிப் போடுகிறார்கள். 2023-இல் அங்கே ஜூன் 1. இங்கே பெரிய வகுப்புகளுக்கு ஜூன் 12. 2024-இல் அங்கே 3, இங்கே 10. அந்த இடைவெளியில் ஒரு செவ்வாயோ புதனோ போனால் அந்த ஊர்க் குழந்தைகளின் கூட்டமாவது குறையும். ஆனால் 2025-இல் இரண்டு இடத்திலும் ஜூன் 2-தான். ஆகவே அறிவிப்பைப் பார்த்த பிறகே டிக்கெட் வாங்க வேண்டும். மதுரை–குருவாயூர் எக்ஸ்பிரஸ் சங்கரன்கோவில் வழியாகவே எர்ணாகுளம் போகிறது. முதல் நாளே போய்த் தங்கினால் காலையில் கதவு திறக்கும்போது வாசலில் நிற்கலாம்.

"ஜூன் என்றால் மழை வருமே, அத்தை? இடி மின்னல் வந்தால் உயர ராட்டினங்களை நிறுத்திவிடுவார்களே" என்றேன்.

"ஏட்டி, நாம நனையத்தானே போறோம்?"

மழை இல்லாத நாளில் கொச்சி வெயில் வேறு தினுசு. உஷ்ணமானி நம் ஊரைவிடக் குறைவாகக் காட்டும். ஆனால் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வேர்வை காயாது, உடம்பு ஆறாது. தாகம் எடுக்குமுன்பே தண்ணீர் கொடுத்துவிட வேண்டும். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இந்த அளவு மாறக் கூடாது. மயக்கத்தோடு பேச்சுக் குழறி, உடம்பு அனலாகக் கொதித்தால் அது வெறும் களைப்பு அல்ல. வாயில் எதுவும் புகட்டாமல், உடம்பெல்லாம் நனைத்து விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள்.

உள்ளே போனதும் வாசலருகே உள்ள முதல் ராட்டினத்தில் ஜனங்கள் மொய்ப்பார்கள். அதை விட்டுவிட்டுக் கோடிக்குப் போய், அங்கிருந்து திரும்பி வர வேண்டும் என்பது அத்தையின் உத்தரவு. பதினொன்றரைக்கே சாப்பாடு. பன்னிரண்டிலிருந்து மூன்று வரை கூரைக்கு அடியில் உள்ளவை மட்டும். வெயில் தாழ்ந்த பிறகு தண்ணீர். சின்னவனை வாசல் நிலையில் நிறுத்தி உயரம் குறித்தாயிற்று. எந்த ராட்டினத்துக்கு எவ்வளவு உயரம் வேண்டும் என்று முன்பே சொல்லிவிட்டால் அங்கே அழுகை மிச்சம்.

பைகளுக்கு வாடகைப் பூட்டுப் பெட்டி. தண்ணீரில் இறங்கப் புடவையும் பருத்தியும் கூடாது, நைலான் மாதிரித் துணிதான் என்பது இத்தகைய பார்க்குகளில் சாதாரண விதி. அதைக் கேட்டதும் அத்தை முகம் விழுந்துவிட்டது. கையும் காலும் முழுவதும் மறைகிற நீச்சல் உடை கடையில் கிடைக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"கறுப்பு வேண்டாம், கருநீலமா வாங்கு. மாமாகிட்ட இப்போ சொல்லாதே."